உப்பு ஓயட்டும்

என் அம்மாவை எடுத்த ஒரே புகைப்படத்தில் அம்மாவுக்கு முகம் இல்லை. எடுத்தவர் என் மாமா, அம்மாவின் தம்பி. பாண்டியில் ஒரு ஸ்டுடியோவில் படம் கழுவும் வேலையில் இருந்தார். முதலாளியிடம் கெஞ்சி ஒரு பெட்டி கேமராவை வாங்கிக்கொண்டு எங்கள் ஊர் மரக்காணத்துக்கு வந்தவர், உச்சி வெயிலில் உப்புப் பாத்திக்கு நடுவே அக்காவை நிற்கவைத்துப் படம் எடுத்தார். கழுவிக் கொண்டுவந்தபோது சுற்றிலும் ஒரே வெள்ளை. நடுவில் கரிக்கட்டை மாதிரி ஓர் உருவம். இடுப்பில் கைவைத்து நிற்கிற தோரணையை வைத்துத்தான் அது அம்மா என்று சொல்ல முடிந்தது.

அப்பா படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "உப்பு நல்லா வெளைஞ்சிருக்குது" என்றார்.

மாமாவுக்கு மானம் போய்விட்டது. தப்பு தன்னுடையது இல்லை, உப்பினுடையது என்று வெகுநேரம் வாதாடினார். உப்பு வெளிச்சத்தைத் திருப்பியடிக்கிறதாம், நிழலும் மரமும் உள்ள இடமாக இருந்தால் அக்கா முகம் பளிச்சென்று விழுமாம். ஆரோவில் பக்கம் குடிசை போட்டிருந்த வெள்ளைக்காரர்கள் அவர் ஸ்டுடியோவில்தான் பிலிம் கழுவக் கொடுப்பார்கள். எங்கெங்கோ தீவுகளுக்குப் போய், தென்னை மரத்தடியில் சாய்ந்தபடி எடுத்த படங்கள். அதையெல்லாம் இருட்டறையில் கழுவிக் கழுவி மாமாவுக்கும் தீவு ஆசை பிடித்திருந்தது.

"நம்ம ஊர்லயே தீவு இருக்குதுக்கா. எதிர்லயே இருக்குது. போய் எடுத்துக்கினு வந்துடலாம்" என்றார்.

அவர் தீவு என்றது, உப்பளத்தை ஒட்டிக் கிடக்கும் கழுவெளி ஏரியின் நடுவில் இருந்த மண் திட்டை. ஊரில் யாரும் அதைத் தீவு என்று சொன்னதில்லை. கொஞ்சம் பனை, கொஞ்சம் முள்மரம், புல், கூட்டங்கூட்டமாக நாரைகள், அவ்வளவுதான். ஆனால் எங்கள் உப்பளத்திலிருந்து பார்த்தால் கண்ணுக்கு எட்டியவரை பச்சை என்பது அது ஒன்றுதான். வெள்ளையைப் பார்த்துப் பார்த்துக் கண் எரியும்போது ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக ஆற்றிக்கொள்வார்கள். அப்பா கண்ணை மூடிக்கொண்டு கொஞ்சநேரம் நிற்பார். அம்மா உப்பு வாரும் பலகையை நிறுத்திவிட்டுத் திட்டைப் பார்ப்பாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாளே தவிர, ஒருநாளும் அங்கே கால் வைத்ததில்லை.

மாமா சொன்னதும் அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. அப்பா மட்டும், "உப்பு ஓயட்டும், போவலாம்" என்றார்.

எங்கள் வீட்டில் எல்லாக் காரியத்துக்கும் அதுதான் பதில். கீழ்புத்துப்பட்டு அய்யனாருக்குப் பொங்கல் வைக்க வேண்டுமா, உப்பு ஓயட்டும். பாப்பாவுக்குக் காது குத்த வேண்டுமா, உப்பு ஓயட்டும். அப்படித்தான் ஊரெல்லாம் ஒழுகிக்கொண்டிருந்த ஓர் ஐப்பசி மாதத்தில் எனக்குக் காது குத்தினார்கள். காய்கிற நாளில் அப்பா பாத்தியை விட்டு வரமாட்டார். ஒருநாள் வாராமல் விட்டால் உப்பு இறுகிப் போய்விடும் என்பார். சொந்தத் தங்கை கல்யாணத்திலேயே தாலி ஏறியதும் சாப்பிடாமல் பலகையை எடுக்கப் போனவர் அவர்.

கொஞ்சம் யோசித்திருந்தால் இந்தப் பயணத்துக்குக் காலண்டரில் நாளே கிடையாது என்பது எங்களுக்குத் தெரிந்திருக்கும். உப்பு ஓய்வது மழை வந்தால்தான். மழை வந்தால் கழுவெளி நிரம்பித் திட்டு முழுகிவிடும். ஆனால் யார் யோசித்தது? மாமா ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்தார், திட்டம் வளர்ந்துகொண்டே போனது.

அந்த வருஷம் மாசியிலிருந்தே அம்மா உப்பளத்துக்குப் போகவில்லை. இருமல் விடவில்லை, ரவிக்கைகளெல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டன. எனக்கோ ஏகப்பட்ட சந்தோஷம். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் வீட்டில் அம்மா இருந்தாள். தலைவாரிவிட ஆள் இருந்தது. இந்த இருமல் இப்படியே இருந்தால் தேவலை என்றுகூட நினைத்திருக்கிறேன்.

மாமா தரையில் கரித்துண்டால் திட்டை வரைவார். தோணி இந்தப் பக்கம் போய் நிற்கும், இங்கே இறங்கும்போது ஒரு படம், நாரைகள் எழும்பும்போது ஒரு படம், இந்தப் பனையடியில் அக்கா மட்டும் தனியாக ஒரு படம். தோணிக்காரரிடம் சொல்லியாகிவிட்டது. புளிசோறு கட்டிக்கொள்வது, திட்டில் நல்ல தண்ணீர் கிடைக்காது என்பதால் ஒரு குடம் நிறையக் கொண்டுபோவது, எல்லாம் முடிவானது. புடவையில்தான் இழுபறி. அம்மாவுக்குப் பச்சைப் புடவை கட்ட ஆசை.

"அங்க இருக்கிற பச்சை, படத்துல பச்சையா வுழுவுமாடா?" என்று கேட்டாள்.

"கருப்பு வெள்ளைதாங்க்கா. பச்சைல்லாம் கருப்பாத்தான் வுழும்."

"அப்ப நானும் திட்டும் ஒரே நெறமா இருப்போம்" என்று அம்மா சிரித்தாள். சிரிப்பு இருமலாக மாறி, அது நிற்கும்வரை மாமா கரித்துண்டைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்.

வைகாசியில் காற்று நன்றாகத் திரும்பி உப்பு கொட்டோ கொட்டென்று விளைந்தது. அந்தச் சமயத்தில்தான் மாமா அம்மாவையும் அப்பாவையும் பாண்டிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார். சாயங்கால பஸ்ஸில் இருவரும் திரும்பி வந்தார்கள். அம்மா பாயில் சாய்ந்துகொண்டாள். அப்பா கைகால் கழுவாமல் சுவரோரம் உட்கார்ந்து, உள்ளங்கை வெடிப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு யாரையும் பார்க்காமல் சொன்னார்.

"நாளைக்குத் திட்டுக்குப் போவலாம். தம்பிகிட்ட சொல்லிட்டேன். கேமராவோட காலையில வந்துடுவான்."

நான் குதித்தேன். கொடியிலிருந்த பச்சைப் புடவையை இழுத்துவந்து அம்மா மடியில் போட்டேன். அம்மா அதைத் தொடவில்லை.

"உப்பு?" என்றாள்.

"கெடக்குது வுடு."

அம்மா எழுந்து உட்கார்ந்தாள். அப்பாவையே வெகுநேரம் பார்த்தாள்.

"டாக்டரு உன்னத் தனியாக் கூப்புட்டு என்னா சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. ஊசி போட்டா சரியாப்பூடுமாம்."

"அப்ப சரி. உப்பு ஓயட்டும்யா. போவலாம்."

அப்பா கெஞ்சினார். அப்பா ஒருவரிடம் கெஞ்சி நான் பார்த்தது அன்றுதான். நான்தானே சொல்றேன், ஒருநாள் உப்பு போனா போவுது என்றார். அம்மா புடவையை மடித்து என் கையில் கொடுத்துவிட்டாள். "பாத்தி நெறைய வெச்சுக்கினு ஊர் சுத்தப் போற ஆளா நீ? காலையில போயி வாரு" என்று சொல்லிச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் மாமா வந்தபோது அம்மா அடுப்பங்கரையில் இருந்தாள். அவருக்குக் கூழ் கரைத்துக் கொடுத்தாள். கேமரா உறைக்குள்ளேயே இருந்தது. நான் பாத்தி வரப்புக்கு ஓடினேன். அப்பா தலைநிமிராமல் உப்பு வாரிக்கொண்டிருந்தார்.

"ஏம்பா, அம்மா ஏன் வரமாட்டேங்குது?"

"உப்பு ஓயட்டும் பாப்பா" என்றார். கண் செக்கச்செவேலென்று இருந்தது. உப்பளத்தில் யாருக்குத்தான் கண் சிவக்காது? வழக்கம்போல இந்த மனுஷன்தான் உப்பு ஆசையில் எங்கள் பயணத்தைக் கெடுத்துவிட்டார் என்று முடிவுகட்டி, அவர் மேல் ஆத்திரப்பட்டு அழுதேன். அந்த ஆத்திரம் பல வருஷம் தீரவில்லை. எதற்கும் பாத்தியை விடாதவர் 'கெடக்குது வுடு' என்றாரே, டாக்டர் சொன்னதையெல்லாம் அம்மா அந்த இரண்டு வார்த்தையில் கேட்டுவிட்டாள் என்பது, எனக்கே பிள்ளைகள் பிறந்த பிறகுதான் உறைத்தது. வீட்டில் உப்பு பெரிய விஷயமாக இருக்கும்வரை தனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று அவளால் நம்ப முடிந்திருக்கும். திட்டுக்குக் கிளம்பினால் அந்த நம்பிக்கையும் போய்விடும்.

ஆனி முடிவதற்குள் அம்மா போய்விட்டாள். உப்பு ஓயவில்லை. பதினாறாம் நாள் வரைக்கும் பாத்தி கேட்பாரில்லாமல் கிடந்து, உப்பு கல்லாக இறுகிப்போனது. மாமா அந்தப் பழைய படத்தை இருட்டறைக்கு எடுத்துப்போய் என்னென்னவோ செய்து பார்த்தார். முகம் வரவே இல்லை. ஸ்டுடியோவில் ஒருவர் மை வைத்து ஒரு முகத்தை வரைந்து கொடுத்தார். அது வேறு யாரோ. கடைசியில் முகமில்லாத படத்துக்கே சட்டம் போட்டுப் பூ வைத்தோம்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. இரண்டாம் நாள் விடிந்ததும் அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு வரப்புக்குப் போனார். பாத்திகளெல்லாம் ஒரே தண்ணீராகிக் கழுவெளியோடு சேர்ந்துவிட்டிருந்தன. தூரத்தில் நாலைந்து பனைகளின் தலை மட்டும் தெரிந்தது. தலையில் போட்டிருந்த சாக்கு நனைந்து முகத்தில் தண்ணீர் ஒழுக, அப்பா அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார்.

"உப்பு ஓஞ்சிடுச்சு" என்றார்.

"திட்டுதான் முழுகிப்போச்சே, இப்ப எப்பிடிப்பா போறது?" என்று நான் வெடுக்கென்று பதில் சொன்னேன். அப்பா அதைச் சொன்னது என்னிடம் இல்லை என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.