நிஜாமின் நியாயம்

எங்கள் டீம் லீடர் என் மீது போர் தொடுத்தபோது அவர் வாயில் நான் கொண்டுபோன சுண்டல் இருந்தது. ஹைதராபாத் நிஜாம் உடன்படிக்கையை முறித்துக்கொண்டார் என்று என் லேப்டாப் திரையில் அறிவிப்பு வந்தது. நிமிர்ந்து பார்த்தேன். எதிரே உட்கார்ந்திருந்த நிஜாம் தேங்காய்ப் பல்லை மென்றபடி, டப்பாவில் இன்னும் மீதி இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தார். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

பெங்களூர் ஹெப்பாளில் ஒரு சின்ன மென்பொருள் கம்பெனி. வெள்ளிக்கிழமை மதியம் சாப்பாட்டு மேஜையில் நாங்கள் மூன்று பேர் லேப்டாப்பில் ஒரு சரித்திர விளையாட்டு ஆடுவோம். ஆளுக்கொரு ராஜ்யம். லீடர் நிஜாம், என் பக்கத்து இருக்கைக்காரர் மராத்தியர், நான் மைசூர். வேகமாக ஊர்களைப் பிடித்தால் அக்கம்பக்கத்து ராஜ்யங்கள் பயந்து நமக்கு எதிராக ஒன்றுசேர்ந்துவிடும். அதனால் அதில் படையைவிடப் பேச்சுதான் முக்கியம். லீடர் கொள்ளேகால் பக்கத்துத் தமிழர், பெரிய நியாயவாதி. உடன்படிக்கையை முறிப்பதென்றால் முந்தின வெள்ளிக்கிழமையே மேஜையில் வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும் என்று சட்டம் போட்டார். விளையாட்டில் அப்படி ஒரு விதி கிடையாது. அது எங்கள் மேஜையின் விதி.

அதை நம்பித்தான் கெட்டேன். நிஜாம் நம் ஆள் என்ற தைரியத்தில் வடக்கு எல்லையிலிருந்து படையை இறக்கி, திண்டுக்கல், கோயம்புத்தூர் என்று தெற்கே பிடித்துக்கொண்டே போனேன். "ஏங்கண்ணு, உங்க அப்பாரு ஊரையே பிடிச்சுப்போட்டயே" என்று லீடர் கேலி செய்தார். கேலி செய்துகொண்டே மராத்தியரோடு கைகோத்திருக்கிறார். நான் என்னத்தைக் கண்டேன்?

உங்கள் சட்டம் என்ன ஆயிற்று சார் என்று கேட்டேன். "இது ராஜதந்திரம்மா" என்றார். ராஜதந்திரம் எனக்கு மட்டும் தெரியாதா என்ன? வடக்கே இரண்டு மாவட்டங்களைத் தருகிறேன் என்று மராத்தியருக்குத் தூது அனுப்பினேன். பக்கத்து இருக்கைக்காரர் யோசிக்கவேயில்லை. வாங்கிப் போட்டுக்கொண்டு அன்றைக்கே நிஜாம் மீது திரும்பினார். ஹைதராபாத் ராஜ்யத்தில் பாதி போயிற்று. லீடர் வாய்விட்டுச் சிரித்து, "கில்லாடிடா நீ" என்று மராத்தியர் முதுகில் தட்டினார்.

அந்தச் சமயத்தில்தான் லீடருக்குப் பதவி உயர்வு வந்தது. அவருடைய இடத்துக்கு எங்கள் இருவரில் ஒருவரை அவர்தான் சொல்ல வேண்டும். நான் சீனியர். வாடிக்கையாளர்கள் எதற்கென்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அந்த இடம் எனக்கு வேண்டியிருந்தது, இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. ஆனால் அது பக்கத்து இருக்கைக்காரருக்குப் போயிற்று. காரணம் கேட்டு லீடரின் அறைக்குப் போனேன்.

"வேலையில உன்ற மேல ஒரு குத்தமும் இல்லம்மா. ஆனா கூட இருக்கறவங்களைப் பிரிச்சு உட்டுப்போடற. விளையாட்டுலயே பார்த்தனே. டீமுக்கு அது ஆகாது."

தான் போட்ட சட்டத்தைத் தானே மீறியவர் ராஜதந்திரி. இரண்டு மாவட்டத்துக்குக் கட்சி மாறியவர் கில்லாடி. அடிபட்டுத் தப்பிக்கப் பார்த்த நான் மட்டும் குடும்பத்தைப் பிரிக்க வந்த மருமகள். புது லீடரோ, "சும்னே விளையாட்டுதானே மேடம், மனசுல வெச்சுக்காதீங்க" என்று எனக்கு ஆறுதல் சொன்னார். சும்மா விளையாட்டு என்றால் அதை வைத்து எனக்கு ஏன் மார்க் போட்டார்கள்? நான் வேறு டீமுக்கு மாற்றிக்கொண்டு போனேன். இன்று அந்த டீமுக்கு நான்தான் லீடர்.

போன வாரம் பழைய லீடர் போனில் கூப்பிட்டார். குரல் இறங்கியிருந்தது. அவர் கைதூக்கிவிட்ட ஆள் அவருக்குத் தெரியாமல் மேலிடத்தில் பேசி, அவருடைய பெரிய ப்ராஜெக்டையே வாங்கிக்கொண்டாராம். விசாரிக்கிறார்களாம், நான் அவர் பக்கம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமாம்.

"அவன் இப்படிப் பண்ணுவான்னு யாரு கண்டா கண்ணு?"

"நான் கண்டேன் சார். நீங்களும் பக்கத்துலயே உக்காந்து பார்த்தீங்க. பார்த்துட்டுத்தான் முதுகுல தட்டுனீங்க."

என்னால் முடியாது என்று சொல்லி போனை வைத்தேன். வைத்த பிறகாவது மனம் இளகும் என்று பார்த்தேன். இல்லை, கோபமாகத்தான் இருக்கிறது.