கோடிச் சேலையின் நிறம்

அம்மா இறந்தபோது எனக்கு எட்டு வயது. அவளுக்கு உடன்பிறந்தவர் ஒரே அண்ணன், என் மாமா. மலையூரான தலைச்சோலையிலிருந்து சென்னைக்கு ஓவியம் படிக்கப் போனவர், பிறகு ஜெர்மனிக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டார். ஆள் உயரத் துணிகளில் வெறும் நிறங்களைப் பூசுவதுதான் அவர் வேலை. மனிதர், மரம், மாடு எதுவும் அவர் படங்களில் இருக்காது. அவர் அனுப்பிவைத்த படங்களின் போட்டோக்களை அப்பா ஒருமுறை பார்த்துவிட்டு மரியாதையாக பீரோவில் வைத்துப் பூட்டினார். அம்மாதான் அவ்வப்போது எடுத்துப் பார்ப்பாள். என்ன தெரிகிறது என்று கேட்டால், "அண்ணந் தெரியுது" என்பாள்.

இறந்த பெண்ணுக்குப் பிறந்த வீட்டிலிருந்து புதுச்சேலை கொண்டுவந்து போர்த்த வேண்டும். கோடி என்பார்கள். கூடப் பிறந்தவன் தங்கைக்குச் செய்யும் கடைசிக் காரியம் அது. அம்மா வேலை பார்த்த காப்பி எஸ்டேட்டின் ஆபீஸ் போனிலிருந்து சொன்ன சேதி மாமாவுக்குப் போய்ச் சேரவே இரண்டு நாளாகிவிட்டது. அதற்குள் அடக்கம் முடிந்திருந்தது. மாமா பெயரைச் சொல்லி, சித்தப்பாதான் ஒண்டிக்கடை பஜாருக்கு ஓடிப்போய் ஒரு சேலை வாங்கிவந்து போர்த்தியிருந்தார்.

மாமா வந்துசேர ஒரு மாதமானது. அவர் அழுவார் என்று எதிர்பார்த்துப் பெண்கள் கூடியிருந்தார்கள். அவர் அழவில்லை. செருப்பைக் கழற்றியதும் அப்பாவிடம் கேட்டார்.

"கோடிச் சீல என்ன நெறம் மாப்ள?"

அப்பா பச்சை என்றார். அப்பாகூடப் பிறந்த அத்தை அரக்கு என்றாள். வாங்கிவந்த சித்தப்பாவோ, "நெறம் பாக்கற நெலமையிலயா இருந்தோம், ஏனுங்க மச்சான்?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். மறுநாள் மாமா அந்த ஜவுளிக்கடைக்கே போய் விசாரித்தார். கடைக்காரருக்கும் நினைவில்லை. திரும்பிவந்து வாசற்படியில் உட்கார்ந்தவரைப் பார்த்ததும் என் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"எனக்குத் தெரியும் மாமா. நீலம்."

ஒரு மாதமாக எல்லோரும் என் தலையைத் தடவிவிட்டுப் போனார்களே தவிர, யாரும் என்னிடம் எதையும் கேட்டதில்லை. மாமா கேட்டார். காப்பி காயப்போடும் களத்தில் வண்ணப் பெட்டியைத் திறந்து, ஒரு பலகையில் நீலத்தைக் குழைத்துக் காட்டினார். இதில்லை என்றேன். இன்னும் கொஞ்சம் சாம்பல் சேர்த்தார். அதுவுமில்லை. இப்படியே இரண்டு நாள் போனது. பள்ளிக்கூடம் போகாததற்கு அப்பா ஒன்றும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள், "இன்னும் வெளுத்திருக்கும் மாமா, தொவைச்சுத் தொவைச்சுப் போனாப்பல" என்றேன். "மடிகிட்ட கறகூட இருக்கும்."

மாமாவின் கை நின்றது.

"கோடின்னா புதுசுல்ல? புதுச்சீல எப்படிக் கண்ணு வெளுத்திருக்கும்?"

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கோடி போர்த்தியபோது நான் அத்தை மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டிருந்தேன். ஒருமுறைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை. நான் சொல்லிக்கொண்டிருந்தது, அம்மா தினமும் காப்பிப் பழம் பறிக்கக் கட்டிக்கொண்டு போகும் பழைய சேலையை. எனக்குத் தெரிந்த சேலை அது ஒன்றுதான்.

"நான் பாக்கவேயில்ல மாமா. கண்ண மூடிக்கிட்டேன்."

அடிப்பார் என்று நினைத்தேன். அவர் என்னை இழுத்து மார்போடு சேர்த்துக்கொண்டார். "நானுந்தாம் பாக்கல சாமி" என்றார். அவர் உடம்பு குலுங்கியது. ஊரே எதிர்பார்த்த அந்த அழுகையைப் பார்க்க அப்போது வேறு யாரும் இல்லை.

பலகையில் இருப்பதைச் சுரண்டிப் போட்டுவிடுவார் என்றிருந்தேன். மாறாக, கொண்டுவந்திருந்ததிலேயே பெரிய துணியை விரித்தார். நான்கு நாள், மேலிருந்து கீழ்வரை அந்த வெளுத்த நீலத்தையே அடுக்கடுக்காகப் பூசினார். கறை இடப்பக்கமா வலப்பக்கமா என்று மட்டும் என்னைக் கேட்டார். கூடை தொங்கும் இடப்பக்கம் என்றேன். அங்கே பழுப்பாக லேசாக ஒற்றியெடுத்தார்.

அத்தை வந்து பார்த்து, "நொம்பப் பெருசாத்தேன் இருக்குது, ஒண்ணுந்தேன் காணம்" என்றாள். அப்பா வந்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு தோட்டத்துக்குள் போனவர், இருட்டிய பிறகுதான் வீட்டுக்கு வந்தார்.

படம் காய்ந்ததும் மாமா அதைச் சுருட்டித் தோளில் சாய்த்துக்கொண்டு சேலம் பஸ்ஸில் ஏறினார். அவ்வளவு தூரத்திலிருந்து வந்தவர், கோடியின் நிறம் தெரியாமலே திரும்பிப் போகிறாரே என்று எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.