ஓவர்லோடு ஏறிய மலை

மின்தூக்கி பழுதுபார்க்கும் பணியில் இருபத்திரண்டு ஆண்டுகளைக் கழித்தவர் அவர். பன்னிரண்டாம் மாடியிலிருந்து அழைப்பு வரினும் படியில் கால் வையார். பழுதைச் சரிசெய்து, அந்தத் தூக்கியிலேயே ஏறிச் செல்வது அவர் கொள்கை. உடன் பணிபுரிவோர் அவருடைய வயிற்றின் மாட்சியை நோக்கி ‘ஓவர்லோடு’ என்று பெயர் சூட்டினர். பெற்றோர் இட்ட பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் பிழைத்திருந்தது.

மருத்துவர் நடக்கச் சொன்னார். ஓவர்லோடு மலையேறும் சைக்கிள் ஒன்றை வாங்கிவிட்டார். அது கூடத்தில், சோபாவுக்கும் தொலைக்காட்சிக்கும் நடுவே எழுந்தருளியது. அதன் மிதியில் மூன்றாம் முறையாகக் கணுக்காலை இடித்துக்கொண்ட அன்று மனைவி சீறினார்.

“இந்த வீட்ல ஒண்ணு அது இருக்கணும், இல்ல நான் இருக்கணும்.”

கணவர் சைக்கிளைப் பார்த்தார்; பிறகு மனைவியைப் பார்த்தார்; மீண்டும் சைக்கிளைப் பார்த்தார்.

“என்ன, யோசிக்கிறீங்களா?”

முடிவில் ஒப்பந்தம் ஒன்று பிறந்தது. ஞாயிறன்று நடக்கும் மலைப் பந்தயத்தை இரண்டரை மணி நேரத்துக்குள் முடித்தால் சைக்கிள் கூடத்திலேயே வாழும். பிந்தினால் மனைவியின் தம்பிக்குப் போகும். மூக்குக்கண்ணாடி விற்பவராதலின், தம்மைத் தவிர உலகோர் யாவரும் குருடர் என்று நம்புபவர் அந்த மைத்துனர். அன்றே தம் வீட்டில் சைக்கிளுக்கு இடம் ஒதுக்கிவிட்டார்.

சனிக்கிழமை ஓவர்லோடு தாமே சைக்கிளைச் செப்பனிட்டார். நிற்கும் மின்தூக்கியை அதன் பிரேக் இறுகப் பிடித்திருக்கும். மின்சாரம் பாய்ந்தால்தான் விடும். அவர் ஓதிய வேதம் அது ஒன்றே. அம்மறை வழுவாது, இரு சக்கரங்களின் பிரேக்கையும் எப்போதும் பிடித்திருக்குமாறு இழுத்துக் கட்டினார்.

பந்தயத்தில் எல்லோரும் அவரைக் கடந்தனர். அறுபது வயதுப் பல்மருத்துவர் ஒருவர் சீழ்க்கையடித்தபடியே கடந்தார். உச்சியை அடைந்தபோது எஞ்சியிருந்தவை பதினாறு நிமிடங்கள். அங்கே தண்ணீர் வழங்கிய பெண் பின்சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றினாள். அரைச் சுற்றில் நின்றது.

“அண்ணே, பிரேக்கப் போட்டுக்கிட்டேவா மலை ஏறுனீங்க?”

“அதாம்மா ரூலு.”

“யாரு போட்ட ரூலு? நாசமாப் போக!”

வாழ்வில் முதன்முறையாக ஓவர்லோடு வேதத்தைத் துறந்தார். பதற்றத்தில் இரு பிரேக் கம்பிகளையும் வேண்டிய அளவுக்கு மேல் தளர்த்தினார். இறக்கத்தில் பிரேக் பிடியை இழுத்தார். அது கைப்பிடியை அன்போடு தழுவிக்கொண்டது. சக்கரத்துக்குச் செய்தி போகவில்லை. அறிந்த தெய்வங்களை அழைத்தார். அறியாத சிலரையும் அழைத்தார். ஒருவரும் வராமையால் கால்களைத் தரையில் ஊன்றினார். செருப்பைவிட மெலிந்த ஷூவின் அடிப்பாகம் புகைந்தது. கடைசி வளைவில் ஒரு சேற்றுக்குழி அவரை ஆதரித்தது.

எல்லைக்கோட்டில் கைப்பேசியும் கையுமாக மனைவி நின்றார்; அருகே, சைக்கிளை வாங்கிப்போக வந்த மைத்துனர்.

“ரெண்டு நிமிஷம் லேட்டு” என்றார். ஏனோ அவர் குரலில் வெற்றி இல்லை.

ஓவர்லோடு வாதாடவில்லை. சேற்றுச் சட்டையின் சுத்தமான ஓரத்தைத் தேடி, இருக்கையைத் துடைத்து, சைக்கிளை மைத்துனரிடம் நீட்டினார்.

“மாப்ள, ஏறாத, பிரேக்கு வந்து...”

“போதும் மாமா. கடைசியா வந்த ஆளுகிட்டயா நான் பாடம் கேக்கணும்?”

மைத்துனர் ஏறி மிதித்தார். பாதை வாகன நிறுத்தம் நோக்கிச் சரிந்திருந்தது. பரிசு மேசையும் அதன்மேலிருந்த கோப்பைகளும் ஒரே ஓசையில் வீழ்ந்தன. மேசை விரிப்பின் அடியிலிருந்து ஒரு குரல் எழுந்தது.

“அக்கா! இந்தச் சனியன் எனக்கு வேணாம்! நீங்களே வச்சிக்கோங்க!”

சிரிப்பை அடக்கக் குனிந்த மனைவி, கணவரின் கால்களைக் கண்டார். ஷூவின் அடிப்பாகம் தேய்ந்து மறைந்திருந்தது. விரல்கள் பத்தும் வெளியே நின்று காற்று வாங்கின.

“இந்தக் காலோடயா வந்தீங்க?”

“வேற கால் இல்லையே.”

மனைவி முந்தானையால் அந்த விரல்களின் சேற்றைத் துடைத்தார்.

“சரி, கூடத்துலயே கிடக்கட்டும். சுவரோரமா. அந்த மிதிய உள்பக்கமாத் திருப்பி வைங்க.”

ஓவர்லோடு அதற்குள் சைக்கிளை நிமிர்த்திப் பிரேக்கை இறுக்கத் தொடங்கியிருந்தார்.