பதினேழாம் நம்பர் குழி

எல்லாரும் சௌக்கியமா இருக்கீங்களா கண்ணுங்களா? மழை விட்டு விட்டுப் பெய்யுது, தொண்டையைப் பாத்துக்கோங்க. இப்ப நான் சொல்லப் போறது கட்டுக்கதை இல்ல. என் கூடப் பொறந்த தம்பிக்கு நடந்தது. இத்தனை வருஷமா வெளிய சொல்ல அவனுக்கு வாய் வரல. அவ்வளவு அவமானம்.

ஊர் ஊரா கேஸ் கொண்டு போற பெரிய பைப் இருக்கே, தொள்ளாயிரம் கிலோமீட்டரு, அதுல ஒரு பகுதிக்கு அவன் சூப்பர்வைசர். அந்த பைப்பை இன்னொரு கம்பெனி வாங்கிடுச்சு. பகல் சரியா பன்னெண்டு மணிக்குக் கை மாறணும். அதுக்குள்ள வால்வு இருக்கிற குழி ஒவ்வொண்ணுலயும் ஆள் இறங்கிப் பாத்து "சரி"ன்னு எழுதிக் குடுக்கணும். பதினேழாம் குழிக்குத் தம்பி அனுப்பினது லைன் பாக்குற ஒரு ஆளை. ஆமை மாதிரி நடப்பான். அதனாலயே அவனுக்கு எக்ஸ்பிரஸ்னு பேரு.

மணி பதினொண்ணு. எக்ஸ்பிரஸ் வரல.

"வண்டி லேட்டு போல, நானே போட்டுடறேன்"னு சிரிச்சிக்கிட்டே, தம்பி பதினேழுக்கு நேரா "சரி"ன்னு எழுதிக் கையெழுத்தும் போட்டுட்டான்.

பன்னெண்டு அடிச்சுது. பெரிய அதிகாரிங்க கை குலுக்கிட்டுக் கார்ல ஏறிப் போயிட்டாங்க.

12:07. ஃபோன். எக்ஸ்பிரஸ்.

"அண்ணே, பதினேழுல கசியுது. லைனை மூடச் சொல்லுங்க."

பின்னாடி ஸ்ஸ்ஸ்...னு ஒரு சீறல்.

தம்பி கண்ணு தான் போட்ட கையெழுத்து மேல போச்சு. கசியுதுன்னு தெரிஞ்சா கையெழுத்துக்கு யாரு பதில் சொல்றது?

"டேய், பன்னெண்டோட அது நம்ம பைப் இல்ல. புதுக் கம்பெனிக்குச் சொல்லு." வச்சுட்டான்.

12:19. மறுபடியும்.

"மூடச் சொல்லுங்கண்ணே."

என்னமோ இடிச்சுது. எக்ஸ்பிரஸுக்கு இழுப்பு உண்டு. வார்த்தைக்கு வார்த்தை மூச்சு வாங்கும். இன்னிக்கு... வாங்கல.

"முதல்ல நீ மேல ஏறி வாடா!"

ஸ்ஸ்ஸ்...

12:31.

"ரெண்டு பேரு இறங்குறாங்கண்ணே..."

"யாருடா?"

"புது ஆளுங்க..."

வெளிய கொளுத்துற வெயில்.

காதுல ரிசீவர்... ஐஸ்.

வச்சுட்டான்.

ஒயரைப் பிடுங்கிட்டான்.

யாருக்கும் சொல்லல.

ஒண்ணரைக்குச் சேதி வந்துச்சு. புதுக் கம்பெனி ஆளுங்க ரெண்டு பேரு குழியில மயங்கிக் கிடந்தாங்களாம். அந்த கேஸுக்கு வாடையே கிடையாதாம், தெரியாமலே மூச்சை அடைச்சிடுமாம். ஒருத்தன் பொழைச்சான். இன்னொருத்தன் போயிட்டான். "பேப்பர்ல சரின்னு பாத்துதானே இறங்கினோம்"னு பொழைச்சவன் அழுதானாம்.

அவங்களுக்கு அடியில எக்ஸ்பிரஸ் கிடந்தான்.

ரெண்டு கம்பெனியும் "உங்க ஆளு", "இல்ல, உங்க ஆளு"ன்னு சண்டை. விசாரணையில தம்பிகிட்ட கேட்டாங்க, "யாராவது ஃபோன் பண்ணாங்களா?"

"இல்ல சார்"னுட்டான்.

மறுநாள் டாக்டர் ரிப்போர்ட் வந்துச்சு. எக்ஸ்பிரஸ் செத்தது காலையில பத்து மணிக்குள்ள.

போன வாரம்தான் என்கிட்ட சொன்னான், தலையே நிமிரல. "பத்து மணிக்கு அது நம்ம பைப்தானேக்கா. அவன் தனக்காகக் கூப்பிடலக்கா..."

உங்க யாருக்காவது இப்படி ஃபோன் வந்திருக்கா? எழுதுங்க. கடைசி வரைக்கும் கேட்டீங்களா, பாதியில வச்சுட்டீங்களா... அதையும் மறைக்காம எழுதுங்க.