நான் மூக்கை உடைத்த டொக்டர்

டொக்டர் மௌத்தாகிவிட்டார். சுபஹ் தொழுதுவிட்டு போனைத் திறந்தால் எல்லா குரூப்பிலும் அதே மரணச் செய்தி…

நான் இங்கே பெயர் போடவில்லை. கல்முனையிலிருந்து மருதமுனை வரை பிள்ளை வைத்திருக்கிற எல்லோருக்கும் ஆள் யாரென்று தெரியும்.

எல்லோரும் நல்லது நல்லதாக எழுதுகிறீர்கள். நான் வேறொன்று எழுத வேண்டும். அந்த மனுசனின் மூக்கை உடைத்தவன் நான்தான். கடைசி வரை மன்னிப்புக் கேட்கவில்லை.

மகள் சும்ராவுக்கு ஆறு வயதில் பிட்ஸ் என்கிற வலிப்பு முதல் தடவை வந்தது. டெஸ்ட் எல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டு, இப்போது மருந்து வேண்டாம் என்றார்.

"ஒருக்காத்தான் வந்திரிக்கி. இதுக்கு மருந்து தொடங்குறல்ல. திரும்ப வந்தா உடனே கொண்டுவாங்க." மேசைக் கண்ணாடிக்குக் கீழே வைத்திருந்த வழிகாட்டித் தாளைத் தொட்டுக் காட்டினார்.

மூன்று வாரம்தான். குளிக்கும்போது திரும்ப வந்தது. சீமெந்துத் தொட்டியில் தலை மோதி, நெற்றி பிளந்து, மனைவியின் மடியெல்லாம் இரத்தம்…

பிள்ளையை வார்டில் விட்டுவிட்டு கிளினிக்குக்குள் பாய்ந்தேன். "கடதாசியப் பாத்தாடா வைத்தியம் செய்யிறாய்?" கதிரையைத் தூக்கி அடித்ததில் மேசைக் கண்ணாடி நொறுங்கியது. அடுத்தது அவர் முகத்தில் ஒரு குத்து. வரிசையில் இருந்த தாய்மார் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு ஓடினார்கள்.

மூக்கிலிருந்து இரத்தம் ஒழுகுது… அவர் கேட்டது இதைத்தான்: "எத்தின நிமிசம் இழுத்த? புள்ளைக்கு இப்ப என்ன நிறை?"

பொலிஸ் வேண்டாம் என்றார். அன்றைக்கே நிறைக்கு ஏற்றபடி மருந்து எழுதினார். பக்கத்து வீட்டுப் பொடியன் பிட்ஸுக்குக் குடிக்கிற மருந்தைத் தா என்று நான் அப்போதும் கத்திக்கொண்டு நின்றேன்.

"அது பொம்புளப் புள்ளைகளுக்கு முதல்ல குடுக்கிறல்ல. நாளைக்கு அவளும் புள்ள பெறணும், அந்த மருந்து வயித்துப் புள்ளயப் பழுதாக்கும்" என்றார். பஞ்சை மூக்கில் அடைத்துக்கொண்டு.

இரண்டு வருசம் பிட்ஸே இல்லை. எனக்கு மண்டைக்கனம் ஏறிவிட்டது.

அந்த றமழானில் சும்ராவுக்கு முதல் நோன்பு. புதுச் சட்டை, பின்னேரம் சொந்தக்காரர் எல்லாம் வர இருந்தார்கள். விடியமுந்திச் சஹர் சாப்பாட்டுக்கு எழும்பப் பிந்தி, பாங்கும் சொல்லிவிட்டது. இனிக் காலை மருந்து குடித்தால் நோன்பு முறியும், மஃரிபுக்கு நோன்பு திறந்து குடிக்கட்டும் என்றேன். நான்தான் சொன்னேன்.

பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு இழுக்கத் தொடங்கி நிற்கவே இல்லை. உதடு நீலம். வாயில் நுரையும் இரத்தமும்… ஓட்டோவில் அவள் கால் என் நெஞ்சில் உதைத்துக்கொண்டே வந்தது.

டொக்டர் கன்னத்துக்குள் மருந்தை விட்டார், பிறகு ஊசி. பிள்ளை அடங்கினாள். வெளியே வந்து எனக்கு விட்டார் ஓர் அறை. காது கூவியது.

"ஒரு நேர மருந்தும் தவறப்படா எண்டு எத்தின தரம் சொன்ன நான்? இந்த வயசில புள்ளைக்கு நோன்பு கடமையாடா? கொன்று போட்டிருப்பாய்."

சொல்லிவிட்டு மறுபடியும் சும்ராவிடம் உள்ளே போனார்.

இன்று பகல் லுஹருக்குப் பிறகு ஜனாஸாத் தொழுகை, அடக்கம். தொழுகைக்கு முன் அவருடைய மகன் எழுந்து நின்றார். "வாப்பா ஆருக்கும் கை நீட்டியிருந்தா, மனம் நோகக் கதைச்சிருந்தா, அல்லாஹ்வுக்காக மன்னிச்சிருங்க."

இரண்டாவது வரிசையில் நின்ற எனக்குத் தாங்க முடியவில்லை. அந்த அறையை நான் எப்பவோ மன்னித்துவிட்டேன். என்னை மன்னிக்க வேண்டியவர் எனக்கு முன்னால் மூடிக் கிடக்கிறார்.

அடக்கி முடிந்ததும் மகனின் இரண்டு கையையும் பிடித்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"தெரியும் காக்கா. வாப்பா சொல்லிரிக்கார்" என்றார். பிறகு கேட்டார்: "அந்தப் புள்ளைக்கு இப்ப பிட்ஸ் வாறல்லதானே?"

இல்லை தம்பி என்றேன்.

யா அல்லாஹ், நான் உடைத்த அந்த முகத்தை நீ வெளிச்சமாக்கு…