இவாமோத்தோ நின்ற கதவு

தொமோயேக்கா, பல் செட் செய்யும் எங்கள் பட்டறையில் மூத்தவர். தகமாட்சு நகரில் அவர் வீட்டு அலமாரியில் கையடக்க விளையாட்டுப் பெட்டிகள் பதினொன்று இருக்கின்றன. எல்லாம் ஒன்றுதானே என்று ஒருமுறை கேட்டுவிட்டேன்.

"ஒண்ணா? முதல்ல வந்ததுல சிவப்பு விளக்கே கிடையாது. அடுத்ததுல இருக்கு. உன் கண்ணு பல்லுக்கு மட்டும்தான் போல, ஹருமி."

பழைய சாமான் கடைகளின் மலிவுத் தொட்டியில் நூற்றுப் பத்து யென்னுக்கு விளையாட்டுக் கேசட் வாங்குவார். வாங்கியதும் விளையாட மாட்டார். முன்பு வைத்திருந்த பிள்ளை எதுவரை ஆடி நிறுத்தியது என்று பார்த்து நோட்டில் எழுதுவார். அதுதான் அவர் சேகரிப்பு.

ஒரு கேசட்டின் பின்புறம் மை பேனாவில் '3-2 இவாமோத்தோ' என்று எழுதியிருந்தது. மூன்றாம் வகுப்பு, இரண்டாம் பிரிவுப் பிள்ளை. முப்பத்தெட்டு மணி நேரம் ஆடி, கடைசி அரக்கனின் கதவுக்கு முன்னால் நின்றுவிட்டது. அதோடு சரி.

"கதவு வரைக்கும் போயிட்டு ஏன் நிறுத்தணும்?" என்று மதியம் ஊதோன் நூடுல்ஸ் உறிஞ்சும்போதெல்லாம் கேட்பார்.

அந்தக் கதவைத் திறந்து பார்க்க அவருக்குப் பயம். ஆட்டம் நின்ற இடத்தின் பதிவைக் காப்பது கேசட்டுக்குள் இருக்கும் பட்டன் பேட்டரி. அது சாகும் நிலையில் இருந்தது. போன மாதம் மூன்றாவது முயற்சியில்தான் பதிவு தெரிந்தது. சும்மா கழற்றினால் எல்லாம் அழியும். பெட்டியை ஓடவிட்டுக்கொண்டே மாற்றினால், அதன் மின்சாரத்தில் பதிவு தாக்குப்பிடிக்கும்.

ஜூன் மழை ஞாயிறு. கேசட்டின் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றிப் பெட்டியின் முதுகில் செருகினார். பெட்டியின் திரை கீழே இருக்கும் என்பதால், இரண்டு புத்தகங்களின்மேல் பெட்டியைக் கவிழ்த்து, அடியில் கைக்கண்ணாடி வைத்தோம். அதைப் பார்ப்பது என் வேலை.

"அந்த விளக்கில்லாத அரிய பெட்டிதான் வேணுமாக்கா? விளக்கு இருக்கறத எடுங்க. பேட்டரி தீருதான்னு எனக்குத் தெரியணும்ல."

முகம் சுளித்துக்கொண்டு மாற்றினார்.

பெட்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே பழைய பேட்டரி கழன்று வந்துவிட்டது. புதியதின் ஒரு கம்பிக்கால் ஈயம் வைத்து ஒட்டியாயிற்று. கண்ணாடியில் சிவப்புப் புள்ளி வெளிறியது.

"அக்கா, விளக்கு மங்குது. பெட்டிக்குப் புது பேட்டரிதானே போட்டீங்க?"

"டிவி ரிமோட்ல இருந்தது."

சேகரிப்பவர் வீட்டில் பேட்டரியே இருக்காது. கசிந்து பெட்டியைத் தின்றுவிடும் என்று எதிலும் போட்டு வைக்க மாட்டார்கள்.

"பேசாத. மூச்சு விடாத."

கடைவாய்ப் பல்லுக்குக் கம்பி வைக்கும் கை. இரண்டாவது கால் ஒட்டிய பிறகுதான் புள்ளி அணைந்தது.

மழையில் ஓடிப்போய்ப் பேட்டரி வாங்கி வந்தேன். பெட்டி உயிர்பெற்றது. இவாமோத்தோ. முப்பத்தெட்டு மணி நேரம். கதவு.

திறந்தார். அரக்கன் இவாமோத்தோவின் வீரனை இரண்டே அடியில் வீழ்த்திவிட்டான்.

பதிவிலிருந்து மறுபடி ஆரம்பித்து, வீரனின் பையைப் பிரித்தார். மூலிகை தொண்ணூற்றொன்பது. அதற்குக் கீழே ஆட்டத்திலேயே பெரிய வாள், கையில் எடுக்காமலே கிடந்தது. வீரன் மரக்கழியோடு நின்றிருக்கிறான்.

"அட மக்கு," என்றார் தொமோயேக்கா, மிக மெதுவாக.

"வாளை எடுத்துக் கொடுங்களேன்."

"அவன் ஆட்டம்டி அது."

பதிவு செய்யாமல் அணைத்தார். நோட்டைத் திறந்து இவாமோத்தோ வரிக்கு எதிரே எழுதினார்: வாள் பையில் இருக்கிறது. பிறகு பெட்டியிலிருந்து பேட்டரிகளைக் கழற்றி ரிமோட்டில் போட்டார்.