ஏரம்பமூர்த்தியின் ஒலிபெருக்கி

ஏரம்பமூர்த்தி பினாங்கில் ஒரு சினிமாக் கொட்டகையின் ஒலிக்கருவிகளைப் பார்த்துவந்தவர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த அவருடைய உறவினர்கள் எல்லாரும் அலுவலகங்களில் எழுத்தர் வேலையில் இருக்க, அவர் மட்டும் கம்பிகளை ஈயத்தால் பற்றவைக்கும் கோலோடு திரிந்தார். படத்தில் ஒரு குரல் லேசாகக் கரகரத்தாலும் அன்று அவருக்குச் சாப்பாடு இறங்காது.

ஜப்பானியர் வந்ததும் கொட்டகை மூடிக்கொண்டது. மறுவருடம், அவர் மனைவி யோகம்மாவின் தம்பி தியாகராஜாவைச் சயாம் ரயில்பாதை வேலைக்கென்று தெருவில் பிடித்துப்போய் ஒரு பள்ளிக்கூடத்தில் அடைத்தார்கள். அந்த வாரம் பாடாங் திடலில் பெரிய கூட்டம் நடக்கவிருந்தது. ஜப்பானிய அதிகாரியின் பேச்சு எல்லாருக்கும் தெளிவாகக் கேட்டால் மைத்துனனை விட்டுவிடுவதாக அவருடைய மொழிபெயர்ப்பாளர் வந்து சொல்லிப்போனார்.

"இஞ்சாருங்கோ, மெய்யா விடுவாங்களோ?" என்றாள் யோகம்மா.

"பேச்சுக் கேட்டால் விடுவாங்கள்."

"அப்ப கேக்கச் செய்யுங்கோ."

கொட்டகையின் ஆம்பிளிபயரில், ஒலியைப் பெருக்கும் கண்ணாடிக் குமிழ்களான வால்வுகள் தேய்ந்திருந்தன. தேய்ந்த வால்வு ஒலியைப் பெரிதாக்கும்போதே அதன் வடிவத்தையும் நெளித்துவிடும். அதற்கு ஒரு வழி உண்டு. வெளியே போகும் ஒலியில் சிறு பங்கை ஒரு கம்பியால் திருப்பிக் கொண்டுவந்து, உள்ளே வரும் ஒலிக்கு எதிராக நிறுத்த வேண்டும். அப்போது கருவி, வந்ததோடு போனதை ஒப்பிட்டு, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் பெருக்கும். சத்தம் கொஞ்சம் குறையும். நெளிவு நிறையக் குறையும். ஆனால் அந்தப் பங்கு எதிராக வராமல் ஒத்து வந்துவிட்டால், போனது வந்ததோடு சேர்ந்து இன்னும் பெரிதாகப் போகும். அது இன்னும் பெரிதாகத் திரும்பும். கருவி ஊளையிடும். எதிரா, ஒத்தா என்பது டிரான்ஸ்பார்மர் சுற்றின் எந்த முனை எங்கே சேர்கிறது என்பதில் இருக்கிறது.

கூட்டத்துக்கு முந்தின நாள், ஓட்டிப் பார்க்கையில், அந்த டிரான்ஸ்பார்மர் எரிந்துபோனது. புதியதற்கு வழியில்லை. துறைமுகப் பட்டறையில் மோட்டார் சுற்றிப் பழகிய ஜபருல்லா, பழைய கம்பியை உரித்து அதை மறுபடி சுற்றித் தந்தார்.

"யாருக்குண்ணே இவ்வளவு சுத்தம்? அவன் பேசறது நம்மாளு ஒருத்தனுக்கும் வெளங்காது. அந்தத் திருப்பிக் கம்பிய வெட்டிப் போட்டுட்டுச் சத்தத்த மட்டும் குடுங்க."

"கரகரத்தால் கேக்கேல்லை எண்டு சொல்லிப்போடுவாங்கள், ஜபருல்லா."

சுற்றின் ஒரு முனையில் நூல் முடிச்சு இருந்தது. கொட்டகைத் தொழிலில் முடிச்சு என்றால் தொடக்கம். துறைமுகத்திலோ கம்பி அவிழாமலிருக்கக் கடைசி முனையில்தான் முடிச்சுப் போடுவார்கள். இரண்டு பேருக்கும் அது கேட்க வேண்டிய விஷயமாகவே தோன்றவில்லை. முடிச்சைத் தொடக்கமாக வைத்து ஏரம்பமூர்த்தி கம்பிகளைச் சேர்த்தார். மீட்டர் இருந்திருந்தால் அவர் சோதித்திருப்பார். அதைப் படையினர் எடுத்துப்போயிருந்தார்கள். அன்று இரவே தெருவில் மின்சாரமும் நின்றுவிட்டது. திடலுக்கு ஜெனரேட்டர் லாரி வரும், அதிகாரி மேடையேறும்போதுதான் அதை ஓட்டுவார்கள் என்று உத்தரவு.

மறுநாள் காலை அதிகாரி மேடையேறினார். ஏரம்பமூர்த்தி விசையைப் போட்டார். வால்வுகள் சூடேறியதும் எல்லா ஸ்பீக்கர்களும் சேர்ந்து ஊளையிட்டன. யாரும் இன்னும் வாய் திறக்கவில்லை. ஜனங்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். எங்கோ ஒருவர் சிரித்தார்.

முனை மாறிவிட்டது என்று அவருக்கு உடனே தெரிந்துவிட்டது. இரண்டு கம்பிகளை இடம் மாற்ற வேண்டும், அல்லது ஒன்றை வெட்ட வேண்டும், அவ்வளவுதான். கருவியை நோக்கி அவர் கை நீட்டியபோது சிப்பாய் ஒருவன் துப்பாக்கிக் கட்டையால் அந்தக் கையை அடித்தான்.

"நாச வேலையா?" என்று மொழிபெயர்ப்பாளர் கத்தினார்.

"இல்லை ஐயா, கம்பி மாறிப்போச்சு. ஒரு நிமிசம் விடுங்கோ."

விடவில்லை. ஜெனரேட்டரை நிறுத்தச் சொன்னார்கள். அதிகாரி வெறும் தொண்டையில் பேசினார். முன்வரிசைக்கு அப்பால் ஒன்றும் கேட்கவில்லை.

மாலையில், வீங்கிய விரல்களோடு, ஒரு சிப்பாய் பக்கத்தில் நிற்க, அவர் கம்பிகளை மாற்றிக் கொடுத்தார். மொழிபெயர்ப்பாளர் மைக்கில் பேசிப் பார்த்தார். மூச்சு விடுவதுகூடத் தெளிவாகக் கேட்டது.

"இப்ப மச்சானை விடுவீங்களோ ஐயா?"

"பள்ளிக்கூடத்தில இருந்தவங்க மத்தியானமே படகேறிட்டாங்க. இந்நேரம் அக்கரையில ரயில் பிறை ஸ்டேஷனத் தாண்டியிருக்கும்."

வீட்டில் அவர் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். கம்பியை வெட்டச் சொல்லி ஜபருல்லா சொன்னதையும் மறைக்கவில்லை. யோகம்மா அழவில்லை.

"வெட்டியிருக்கலாமே," என்றாள்.

"வெட்டியிருக்கலாம்," என்றார் அவர்.

தியாகராஜா திரும்பவில்லை. ஜப்பானியர் போகும்வரை, பாடாங்கில் கூட்டம் நடந்தபோதெல்லாம் அந்தக் கருவியை ஓட்ட ஏரம்பமூர்த்தியைத்தான் கூட்டிப்போனார்கள். சயாமுக்கு ஆள் வேண்டும் என்ற அறிவிப்பு அதன் வழியாகக் கடைத்தெருவரை தெளிவாகக் கேட்கும். அந்த நேரங்களில் யோகம்மா வீட்டுச் சன்னல்களைச் சாத்திவிடுவாள்.